அதே இடம், ஆயிரம் முறை

காரைக்குடியிலிருந்து மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது கல்லல். சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களைப் போலவே இங்கும் கல்யாணம் என்றால் தாம்பூலப் பை உண்டு. தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு விருந்தாளிகளிடம் கொடுக்கும் அந்தத் துணிப்பையில் மணமக்கள் பெயர், முகூர்த்த நாள், மண்டபம் எல்லாம் அச்சாகியிருக்கும். மேலே ஒரு பிள்ளையாரோ குத்துவிளக்கோ இருக்கும். இருநூறு பை, ஐந்நூறு பை, பெரிய கல்யாணம் என்றால் ஆயிரம். தைத்து முடித்த பையை ஆஃப்செட் இயந்திரத்துக்குள் விட முடியாது. சிறிய கடையில், கரண்ட் போனாலும் நிற்காமல், ஒருவரோ இருவரோ கையாலேயே அடித்து முடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் (திரை அச்சு) வேலை இது.

இந்த வேலைக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. ஜவுளிக்கடை, பலகாரக் கடை, பள்ளிக்கூட விழா என்று துணிப்பைக்குக் கேட்பவர்கள் பல பக்கமும் இருக்கிறார்கள். கல்லல் போன்ற ஊரில் ஓர் இளைஞரோ மகளிர் குழுவோ இந்தத் தொழிலில் இறங்க நினைத்தால் முதலில் எழும் கேள்வி, எந்த அச்சுக் கருவியை வாங்குவது என்பதுதான்.

விற்பவர்கள் தரும் பட்டியலில் எத்தனை வண்ணம், எத்தனை பலகை, எவ்வளவு விலை என்று இருக்கும். பார்த்தவுடன் நான்கு வண்ணம் இரண்டு வண்ணத்தைவிட மேல் என்று தோன்றும். ஆனால் கையால் இயக்கும் அச்சு உண்மையில் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. வலை கட்டிய சட்டத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு, அதே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் எளிய அச்சு நல்ல அச்சு. அதைச் செய்யாத அச்சுக்கு எட்டுக் கைகள் இருந்தாலும் பயனில்லை. ஏன் அப்படி என்பதை எண்களோடு பார்ப்போம்.

வலை வழியே மை

ஓட்டை போட்ட தகட்டை வாசலில் வைத்து, அதன் மேல் கோலமாவைத் தேய்த்து எடுத்தால் தரையில் கோலம் பதியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கின் தத்துவமும் அதேதான். ஆனால் தகட்டில் ஒரு சிக்கல் உண்டு. ‘ப’ என்ற எழுத்தை வெட்டலாம். ‘ஃ’ போல மூன்று தனி வட்டங்களையும் வெட்டலாம். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வெட்டினால் உள்வட்டம் பிடிமானமில்லாமல் கீழே விழுந்துவிடும். வலை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மை போகக் கூடாத இடங்களை வலையிலேயே அடைத்துவிட்டால், எந்தத் தனித் துண்டும் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் பட்டு வலையைக்கொண்டு அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று பட்டு இல்லை; பாலியெஸ்டர் வலைதான். காரணம் ஈரம். நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், நைலான் சுமார் 4 சதவீதம், பாலியெஸ்டர் 0.4 சதவீதம் மட்டுமே. நீரை உறிஞ்சும் நூல் நீளும், வலை தொய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பட்டு வலையைக் கட்டிவைத்தால் காலையில் இருந்த விறைப்பு மாலையில் இருக்காது.

துணிப்பை வேலைக்குப் பழக்கமான வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழைகள். இழையின் தடிமன் சுமார் 80 மைக்ரான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இழைக்கும் இழைக்கும் நடுவே சுமார் 150 மைக்ரான் கண். கண்களை மட்டும் கூட்டினால் மொத்தப் பரப்பில் 41 சதவீதம்தான் திறந்திருக்கிறது. வலையின் தடிமனோடு பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் வலை ஏறத்தாழ 54 கன சென்டிமீட்டர் மையைத் தாங்கும். சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள வலையில் இது சுமார் 26 ஆகக் குறைந்துவிடும். பொடி எழுத்து தெளிவாக விழ நெருக்கமான வலை வேண்டும். மஞ்சள் துணியின் மேல் சிவப்பு அழுத்தமாகத் தெரிய வேண்டுமானால் மை நிறைய விழவேண்டும், அதற்கு அகன்ற கண் வேண்டும். இரண்டையும் ஒரே வலையில் முழுதாகப் பெற முடியாது. மண்டப முகவரியை மிகச் சிறிய எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளரிடம் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வதற்கு நியாயமான காரணம் இதுதான்.

மையும் தண்ணீரைப்போல ஓடும் பொருள் அல்ல. சும்மா இருக்கும்போது கட்டியாக நிற்கும். வலையின் மேல் ஊற்றி வைத்தாலும் கண் வழியே ஒழுகாது. ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையின் விளிம்பு அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும், அந்த உராய்வில் இளகிக் கண்ணுக்குள் இறங்கும். துணியைத் தொட்டதும் மறுபடி கெட்டியாகிவிடும். அதனால்தான் எழுத்தின் ஓரம் பரவாமல் நிற்கிறது. ரப்பர் மென்மையாக இருந்தாலோ, கை சோர்ந்து ஸ்குவீஜி அதிகம் சாய்ந்தாலோ மை கூடுதலாக இறங்கும். துணிக்கு ஷோர் ஏ அளவில் 60 முதல் 70 வரை கடினமுள்ள ரப்பரும், சுமார் 75 டிகிரி சாய்வும் பொருந்தும். முதல் பைக்கும் ஐந்நூறாவது பைக்கும் அந்தச் சாய்வு மாறாமல் இருக்க, மேசையின் உயரம் அடிப்பவரின் இடுப்புக்குச் சரியாக அமையவேண்டும். சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க ஸ்பிரிங் இருக்கவேண்டும். இவை வசதிக்காகச் சேர்த்த அலங்காரங்கள் அல்ல. தோள் வலித்தால் அச்சு மாறும்.

மூன்று மில்லிமீட்டர்

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் வலையைத் துணியோடு ஒட்டி வைத்து அடிப்பார்கள். சட்டத்தைத் தூக்கும்போது வலை துணியில் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தின் ஓரம் மங்கிவிடும். வலைக்கும் துணிக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் இது நேராது. ஸ்குவீஜி அழுத்தும் அந்த ஒரு கோட்டில் மட்டும் வலை துணியைத் தொடும். ஸ்குவீஜி நகர்ந்த மறுகணமே வலை தன் விறைப்பால் மேலே எழும்பிவிடும். மை துணியில் நிற்கும், வலை சுத்தமாகப் பிரியும்.

வலையைக் கீழே அழுத்தும்போது அது சற்று நீள்கிறது. எவ்வளவு என்று பிதாகரஸ் தேற்றத்தைக்கொண்டு பள்ளி மாணவரே கணக்கிட்டுவிடலாம். உள்நீளம் 500 மில்லிமீட்டர் உள்ள சட்டத்தின் நடுவே வலையை 3 மில்லிமீட்டர் அழுத்தினால், அது நீள்வது 0.036 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. இடைவெளி 6 மில்லிமீட்டரானால் நீட்சி 0.144. இடைவெளி இரண்டு மடங்கு, பிழை நான்கு மடங்கு. 8 மில்லிமீட்டரானால் நீட்சி கால் மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அச்சாகும் படமும் அந்த அளவுக்கு இழுபடும்.

யாரும் ஆசைப்பட்டு 8 மில்லிமீட்டர் வைப்பதில்லை. வலை தொய்ந்திருந்தால் அது தானாக எழும்பாது. எழும்பச் செய்ய இடைவெளியைக் கூட்டவேண்டிய கட்டாயம் வரும். மரச்சட்டத்தில் கையால் இழுத்து ஆணியடித்த வலையில் விறைப்பு பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு 10 முதல் 15 நியூட்டன் வரைதான் கிடைக்கும். அலுமினியச் சட்டத்தில் இழுவைக் கருவி கொண்டு இழுத்து ஒட்டினால் 20 முதல் 25 வரை எட்டலாம். தவிர, மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்காது. மூலைக்கு மூலை இடைவெளி மாறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அச்சும் அதை மறைக்க முடியாது. பணம் அளவாக உள்ள கடை, அச்சில் மிச்சம் பிடித்தாவது சட்டங்களை அலுமினியமாக வாங்குவது நல்லது.

கீலின் ஆட்டம்

இனி அச்சுக்கு வருவோம். கை அச்சுகளில் மிக எளியது, மேசையின் ஓரத்தில் இரண்டு கீல் கிளாம்ப்களைத் திருகி, அவற்றில் சட்டத்தைக் கடித்துப் பிடிக்கவைப்பது. சட்டம் கதவைப்போல மேலும் கீழும் போய்வரும். இன்னொரு வகையில் ஒற்றைக் கை ஒன்று நடுவிலிருந்து நீண்டு, சட்டத்தை ஒரே இடத்தில் பிடிக்கும். பார்க்க இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் வித்தியாசம் புலப்படும்.

எந்தக் கீலிலும் சிறிது ஆட்டம் இருக்கும். அது 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கையில் கீலின் இரு முனைகளுக்கு இடையே தூரம் 5 சென்டிமீட்டர். கீலிலிருந்து சட்டத்தின் மறுமுனை 60 சென்டிமீட்டர். அடிப்பகுதியில் உள்ள 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் மறுமுனையில் 12 மடங்காகப் பெருகி 1.2 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கிளாம்ப்களை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் அதே ஆட்டம் மறுமுனையில் 0.15 மில்லிமீட்டர் மட்டுமே. கீலின் தரம் மாறவில்லை. விலையும் கூடவில்லை. கீல்களுக்கு நடுவே உள்ள தூரம் மட்டும் கூடி, பிழை எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியுமா? நல்ல பார்வை உள்ள மனிதக் கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 35 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் படிக்கும்போது அது 0.1 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது 0.3 மில்லிமீட்டர். தாம்பூலப் பையை யாரும் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதில்லை. எனவே இரண்டு வண்ணம் சேரும் இடத்தில் 0.3 மில்லிமீட்டர் விலகல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 1.2 மில்லிமீட்டர் என்றால், குத்துவிளக்கின் சுடர் திரியை விட்டு விலகி நிற்பது எதிரே நிற்பவருக்கே தெரியும்.

வளையும் இரும்பு

பையைத் தாங்கும் பலகையிலும் இதேபோன்ற கணக்கு இருக்கிறது. தைத்த பையை மட்டமான மேசையில் விரித்து அடிப்பது கடினம். ஓரத் தையல் தடிமனாக இருப்பதால் வலை அங்கே தூக்கிக்கொள்ளும். மை ஊறிப் பின்பக்கத் துணியிலும் படும். பையைவிடச் சற்று அகலம் குறைந்த பலகையில் பையை மாட்டி, தையல்கள் பலகைக்கு வெளியே தொங்கும்படி செய்தால் இரண்டு தொல்லையும் தீரும். மாட்டுவதற்கு வழி விட, பலகை ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்பட்டு மறுபக்கம் அந்தரத்தில் நீண்டிருக்க வேண்டும்.

அந்தரத்தில் நீளும் இரும்பு வளையும். 50 சென்டிமீட்டர் நீளும் கையின் முனையில் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கை 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயால், 1.5 மில்லிமீட்டர் தகட்டில் செய்யப்பட்டிருந்தால் முனை 0.8 மில்லிமீட்டர் தாழும். 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தகடு என்றால் தாழ்வது 0.14 மில்லிமீட்டர் மட்டுமே. 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த அச்சில் 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்தால் இடைவெளி கால் பங்குக்கு மேல் மாறிவிடுகிறது. பையின் மேல்பகுதி அழுத்தமாகவும் கீழ்ப்பகுதி வெளிறியும் அச்சாவதற்கு மையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குறை குழாயில்தான் இருக்கும்.

வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். கை இரண்டு மடங்கு நீண்டால் வளைவு எட்டு மடங்கு. ஆகவே தேவைக்கு மேல் நீண்ட பலகை உள்ள அச்சை வாங்கக் கூடாது. முனையின் அடியில் மடக்கிவைக்கக்கூடிய ஒரு முட்டு கொடுக்க முடிந்தால், வளைவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை அது.

இரண்டாவது வண்ணம்

செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் முறை பலரும் அறிந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். எல்லா வண்ணமும் ஒரே அச்சுக்குள், ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுவதால் ஒன்று விலகி ஒன்று நிற்கும் பேச்சே இல்லை. திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிச் சட்டம். முதல் சட்டம் விட்டுச் சென்ற இடத்தில் இரண்டாவது சட்டம் சரியாக வந்து உட்காரவேண்டும். அதுதான் தொழிலின் கடினமான பகுதி.

மட்டமான பரப்பில் ஒரு பொருளின் இடம் மூன்று எண்களால் முடிவாகிறது: முன்பின் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது. எனவே அதை அசையாமல் நிறுத்த மூன்றே தொடுபுள்ளிகள் போதும். ஒரு பக்கத்தில் இரண்டு, அடுத்த பக்கத்தில் ஒன்று. நான்காவது புள்ளி உதவி செய்யாது. ஒருமுறை இந்தப் புள்ளியிலும் மறுமுறை அந்தப் புள்ளியிலும் உட்காரவைத்துக் குழப்பும். 19ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல்லும் கெல்வினும் அறிவியல் கருவிகளை அமைக்க வலியுறுத்திய கோட்பாடு இது.

திருப்பூர் டேபிள் பிரிண்டிங் பட்டறைகளில் இந்தக் கோட்பாடு தினமும் வேலை செய்கிறது. நீண்ட மேசையின் ஓரத்தில் இரும்புத் தண்டு ஓடும். அதில் இடைவெளி விட்டு ஸ்டாப்பர்கள் (தடுப்புகள்) பொருத்தியிருப்பார்கள். வலைச் சட்டத்தின் ஒரு பக்கத்திலுள்ள இரண்டு திருகுகள் அந்த இரும்பைத் தொடும். ஒரு பட்டை ஸ்டாப்பரைத் தொடும். மூன்றே புள்ளிகள். துணி மேசையில் பசையால் ஒட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் ஒவ்வொரு ஸ்டாப்பரிலும் வைத்து அடித்துக்கொண்டே போவார். மேசையின் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் வண்ணம் காய்ந்து, இரண்டாவது வண்ணத்துக்குத் தயாராக இருக்கும்.

சுழலும் அச்சு இதே வேலையைக் குறைந்த இடத்தில் செய்கிறது. நடுத்தூணைச் சுற்றிச் சட்டங்கள் மேலே, பலகைகள் கீழே. பை பலகையில் ஒட்டியபடி இருக்கும். வண்ணங்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று அதன் மேல் வந்து இறங்கும். அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் வாசிலன்டோன் 1960களில் இத்தகைய பல வண்ணச் சுழல் அச்சை உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றார். இரண்டு வகையிலும் வெற்றியின் காரணம் ஒன்றுதான்: எல்லா வண்ணமும் முடியும்வரை துணி அசைவதில்லை. துணி வளையும், சுருங்கும், இழுத்த பக்கம் நீளும். ஒருமுறை எடுத்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி வைப்பது நடக்காத காரியம்.

எதை வாங்குவது?

இப்போது நான்கு வழிகளை ஒரு கல்யாண ஆர்டரை வைத்து ஒப்பிடலாம். ஐந்நூறு பைகள் என்று கொள்வோம்.

மேசையும் இரண்டு கிளாம்ப்களும் முதல் வழி. ஒரு வண்ணம், பையை மாட்டி, அடித்து, எடுக்க 20 நொடி ஆனால், ஐந்நூறு பைக்கு 2 மணி 47 நிமிடம். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். கல்யாணப் பை வேலையில் பெரும்பகுதி ஒரு வண்ணம்தான் என்பதால் இந்த எளிய அமைப்பே பல கடைகளுக்குப் போதும். ஆனால் இதில் இரண்டு வண்ணம் அடிக்கப் போனால் எல்லாப் பைகளையும் காயவைத்து மறுபடி மாட்டவேண்டும். நேரம் ஐந்தரை மணியாகும், அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பையிலும் வண்ணம் ஒவ்வொரு விதமாக விலகும்.

இரண்டாவது, நான்கு சட்டம், ஒரே பலகை உள்ள சுழல் அச்சு. இரண்டு வண்ணத்துக்கு ஒரு பைக்கு 26 நொடி என்று கணக்கிட்டால் 3 மணி 37 நிமிடம். துணி அசையாததால் வண்ணம் விலகாது.

மூன்றாவது, நான்கு சட்டம், நான்கு பலகை. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் மாட்ட ஒருவர் அடிக்க, ஒரு பை 15 நொடியில் முடியலாம். மொத்தம் 2 மணி 5 நிமிடம். ஒன்றரை மணி நேரம் மிச்சம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒற்றைப் பலகையில் நான்கு சட்டமும் அந்த ஒரு பலகையோடு மட்டும் பொருந்தினால் போதும், நான்கு பொருத்தங்கள். நான்கு பலகையில் ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பலகையோடும் பொருந்தவேண்டும், பதினாறு பொருத்தங்கள். மலிவான விலைக்குச் செய்யப்பட்ட அச்சில் பதினாறும் 0.3 மில்லிமீட்டருக்குள் நிற்காது. நான்கு பைக்கு ஒரு பை கோணலாக வருவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காவது, திருப்பூர்ப் பாணி நீள மேசை. தைக்காத துணியை வெட்டி ஒட்டி அடிக்கும் வேலைக்கும், பல வண்ண வேலைக்கும் மிகச் சிறந்தது. இடம் மட்டும் நிறைய வேண்டும். பட்டறைக்குத் தனிக் கொட்டகை போட வசதி இருந்தால், அசையும் உறுப்பே இல்லாத இந்த மேசைதான் நான்கிலும் துல்லியமானது.

கல்லல் அளவிலான கடைக்கு என் தேர்வு இது. முதல் ஆண்டில் அகலமாகப் பொருத்திய இரண்டு கிளாம்ப்கள், எழுப்பி வைத்த ஒரு பலகை. இரண்டு வண்ண ஆர்டர்கள் தொடர்ந்து வரத் தொடங்கியதும் நான்கு சட்டம், ஒரு பலகை. அதில் ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்பின், பக்கவாட்டு, கோணம் மூன்றையும் தனித்தனியாகத் திருகி நகர்த்தும் வசதி கட்டாயம் இருக்கவேண்டும். சுத்தியலால் தட்டித் தட்டி இடம் சேர்க்கும் அச்சில், இடம் சேர்ப்பதிலேயே அரை நாள் போய்விடும்.

படத்தை வரைபவரும் அச்சுக்கு உதவலாம். இரண்டு வண்ணம் சந்திக்கும் இடத்தில் வெளிர் நிறத்தை அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி, அதன் மேல் அடர் நிறம் ஏறும்படி செய்தால் சிறு விலகல் வெளியே தெரியாது.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை

கடையில் அச்சைப் பார்க்கும்போது கூர்மையான பென்சில் ஒன்றைச் சட்டத்தின் முனையில், கீலுக்கு மிகத் தொலைவில், நுனி கீழே நோக்கும்படி ஒட்டுங்கள். பலகையில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். சட்டத்தை இருபது முறை இறக்கி ஏற்றுங்கள். ஒரே புள்ளியாக விழுந்தால் அச்சு நல்லது. புள்ளிகள் அரை மில்லிமீட்டருக்கு மேல் சிதறினால் அந்த அச்சில் இரண்டு வண்ணம் சேராது. சுழல் அச்சானால் ஒவ்வொரு முறையும் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு இறக்குங்கள். அடுத்து, இறக்கிய நிலையில் சட்டத்தின் முனையை இடமும் வலமும் விரலால் தள்ளுங்கள். பென்சில் கோடு கிழித்தால் அந்தக் கோட்டின் நீளமே ஆட்டத்தின் அளவு. கடைசியாகப் பலகையின் முனையை உள்ளங்கையால் அழுத்தி, எவ்வளவு தாழ்கிறது என்று பக்கவாட்டில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் எழுதியிருக்கும் எந்த வாக்குறுதியைவிடவும் இந்த ஐந்து நிமிடம் அதிகம் சொல்லும்.

சித்திரையின் மை

அச்சு சரியாக அமைந்தபின் பருவம் ஒரு சோதனை வைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை முதல் வைகாசி வரை வேலை குவியும். அதில் பாதி கடும் வெயில் காலம். தண்ணீர் கலந்த பிக்மெண்ட் மை அந்த வெயிலில் வலையின் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அடித்தபின் மையை வலை முழுக்க ஒருமுறை பரப்பி மூடி வைப்பது இதற்கு நல்ல தடுப்பு. மின்விசிறிக் காற்று நேராக வலையில் படக் கூடாது.

பிளாஸ்டிசால் மை இப்படிக் காயாது. அது பிவிசி துகள்களை இளக்கியோடு கலந்தது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு காட்டினால்தான் இறுகும். வேலைக்குச் சுலபம் என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் பிளாஸ்டிக்கை ஒதுக்குவதற்காகவே வந்த துணிப்பையின் மேல் பிளாஸ்டிக்கைப் பூசுவது அந்தப் பையின் நோக்கத்துக்கே எதிரானது. அக்ரிலிக் பைண்டர் சேர்ந்த தண்ணீர் மை துணிக்குள் ஊறி நிற்கும், பை மென்மையாகவே இருக்கும், பிவிசியும் இல்லை. சிறிது கூடுதல் கவனம் கேட்டாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மையின் செலவும் அப்படியொன்றும் பெரிதல்ல. 20க்கு 25 சென்டிமீட்டர் படத்தில் முப்பது சதவீதம் மை விழுமானால், 43 இழை வலையின் கணக்குப்படி ஒரு பைக்கு 0.8 கன சென்டிமீட்டர். துணி கூடுதலாக உறிஞ்சுவதையும் வீணாவதையும் சேர்த்தாலும் ஆயிரம் பைக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான்.

வலையில் படம் ஏற்றும் பூச்சிலும் இதே அக்கறை தேவை. பொட்டாசியம், அம்மோனியம் டைக்ரோமேட் உப்புகள் ஒளிபட்டால் பசையை இறுகச் செய்யும் என்பது பழைய கண்டுபிடிப்பு. ஆனால் அவற்றிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் தோலைப் புண்ணாக்கும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. டயசோ பூச்சு அதே வேலையைக் குரோமியம் இல்லாமல் செய்கிறது. கழுவிய நீர் ஊருணி பக்கமே போகக்கூடிய ஊர்களில் இந்தத் தேர்வு கடைக்காரரின் சொந்த விஷயம் மட்டுமல்ல.

சிறிய கடை, பெரிய நுட்பம்

வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. மின்வேதியியல் துறையில் இன்று உலகெங்கும் உணரிகளின் மின்முனைகளைத் திரை அச்சில்தான் பெருமளவு செய்கிறார்கள். சர்க்கரை அளவு பார்க்கும் பட்டையில் உள்ள கார்பன் கோடுகள் பலவும் இப்படி அச்சானவை. சூரியத் தகட்டின் முகத்தில் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் அப்படியே. அவற்றின் அகலம் இன்று 50 மைக்ரானுக்கும் கீழே போய்விட்டது. அந்தத் தொழிற்சாலைகளில் கேமராவும் மோட்டாரும் சட்டத்தை நிறுத்துகின்றன. ஆனால் அங்கும் பொறியாளர்கள் கவலைப்படுவது வலையின் விறைப்பு, இடைவெளி, ஸ்குவீஜியின் கோணம், சட்டம் திரும்பி வரும் இடம் ஆகிய நான்கைப் பற்றித்தான்.

ஆகவே கிளாம்ப் வைத்த மேசையில் பை அடிக்கும் ஒருவர் சில்லறை வேலை கற்றுக்கொள்வதாக நினைக்கத் தேவையில்லை. கையிலுள்ள பணத்தை முதலில் விறைப்பான வலைக்கும் அலுமினியச் சட்டத்துக்கும், அடுத்து ஆட்டமில்லாத கீலுக்கும் வளையாத பலகைக்கும், அதன் பிறகே வண்ணங்களின் எண்ணிக்கைக்கும் செலவிட வேண்டும். இந்த வரிசை மாறாத கடையில் பத்தாம் வகுப்புக் கணிதமும் ஒரு பென்சிலும் சேர்ந்து, கால் மில்லிமீட்டர் துல்லியத்தைக் கரண்ட் இல்லாமலே தந்துவிடும்.